ஒரு கன மீட்டர் மண்ணுக்கு எத்தனை லிட்டர்?

தீபகற்ப மலேசியாவில் 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், டீசலின் சில்லறை விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரே இரவில் 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது நினைவிருக்கலாம். அன்றைய பேச்செல்லாம் லோரி வாடகையைப் பற்றியும் காய்கறி விலையைப் பற்றியுமே இருந்தது. கட்டுமானத் தளங்களில் மண் வெட்டும் இயந்திரங்களைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. பெரிய குத்தகை நிறுவனங்கள் உதவித் தொகை இல்லாத தொழில்துறை விலைக்கு முன்பே பழகியவை. ஒன்றிரண்டு பழைய இயந்திரங்களை வங்கிக் கடனில் வாங்கி ஓட்டும் துணைக் குத்தகையாளர்களின் நிலை வேறு. அவர்களுள் நம்மவர்களும் இருக்கிறார்கள். எடுத்த வேலையின் விலை ஒப்பந்தத்தில் எழுதியாகிவிட்டது. எண்ணெய் விலை மட்டும் ஏறினால் அந்தச் சுமை நேராக அவர்களின் சட்டைப் பையில் வந்து விழும்.

மண்வேலைத் தளங்களில் இயந்திரப் பொறியாளராகப் பணிபுரிபவன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எண்ணெய்க் கணக்கு கூடினால் முதலில் திட்டு வாங்குபவர் ஆப்பரேட்டர்தான். "அழுத்தி ஓட்டுகிறார்" என்பார்கள். சில வேளைகளில் "எண்ணெயை விற்கிறார்" என்றும் சொல்லிவிடுவார்கள். திருட்டு அறவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும், வீணாகும் டீசலில் பெரும்பகுதி தளத்தைத் திட்டமிடுவோரின் மேசையிலேயே வீணாகிவிடுகிறது என்பதே என் கருத்து. அந்த மேசையில் நாளை அமரப்போகிறவர்கள் இந்த இதழைப் படிக்கும் நீங்கள்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எண்ணெய் எங்கே போகிறது?

எக்ஸ்கவேட்டரையே எடுத்துக்கொள்வோம். தளத்தில் பலர் 'பெக்கோ' என்றே அழைப்பார்கள். 20 டன் எடையுள்ளதுதான் நாம் சாலையோரங்களில் அதிகம் காண்பது. இதன் இஞ்சின் கையையோ வாளியையோ நேரடியாக அசைப்பதில்லை. இஞ்சின் பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் ஹைட்ராலிக் எண்ணெயை அழுத்தித் தள்ளுகிறது. அந்த அழுத்தமே சிலிண்டர்களை நீட்டவும் மடக்கவும் செய்கிறது. அழுத்தம் 350 பார் அளவுக்குச் செல்லும். காரின் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வாளி ஒரு பாறையில் சிக்கி அசையாமல் நிற்கும்போதும், சிலிண்டர் முழுவதும் நீண்டபின் நெம்புகோலை இழுத்துப் பிடித்திருக்கும்போதும், பம்ப் தள்ளும் எண்ணெய்க்குப் போக வேறு வழியில்லை. அது பாதுகாப்பு வால்வைத் திறந்துகொண்டு தொட்டிக்கே திரும்பிவிடும். அப்போது டீசலின் ஆற்றல் வெறும் வெப்பமாக மாறுகிறது. இஞ்சின் உறுமும்; மண் நகராது. நல்ல ஆப்பரேட்டரின் இயந்திரம் அதிகம் உறுமாமல் வேலை செய்வதன் இரகசியம் இதுதான்.

வேலை செய்யும்போது இத்தகைய இயந்திரம் மணிக்கு 12 முதல் 18 லிட்டர் வரை குடிக்கும். வேலையின்றி இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதை வெற்றோட்டம் என்று சொல்லலாம். அந்த நேரத்தில் மணிக்கு 2 முதல் 4 லிட்டர் செலவாகும். "மூன்று லிட்டர்தானே" என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் 26 நாள், ஆக 260 மணி. அதில் நூற்றுக்கு 35 பங்கு வெற்றோட்டம் என்று கொண்டால் 91 மணி நேரம். மணிக்கு 3 லிட்டர் வீதம் 273 லிட்டர். மேலே சொன்ன 3.35 ரிங்கிட் விலையையே கணக்குக்கு வைத்துக்கொண்டால், ஓர் இயந்திரத்திற்கு மாதம் 900 ரிங்கிட்டுக்கு மேல் சும்மா புகைந்து போகிறது. 35 விழுக்காடு என்பது மிகைப்படுத்திய கணக்கன்று. சுமாராக நடத்தப்படும் எந்தத் தளத்திலும் அதைக் காணலாம்.

எண்ணெயோடு முடிவதில்லை. இஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டர் வெற்றோட்டத்தின்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இஞ்சின் எண்ணெய் மாற்றுவது, வடிகட்டி மாற்றுவது எல்லாம் அந்த மீட்டரைப் பார்த்துத்தான். இயந்திரத்தை விற்கும்போது வாங்குபவர் முதலில் எட்டிப் பார்ப்பதும் அதைத்தான்.

அப்படியானால் நிறுத்திவிடலாமே என்று கேட்கலாம். நானும் ஒரு மூத்த ஆப்பரேட்டரிடம் கேட்டேன். "தம்பி, இஞ்சின நிறுத்துனா ஏர்கோனும் நின்னுரும். பத்து நிமிசம் உள்ள உக்காந்து பாருங்க" என்றார். நண்பகல் வெயிலில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பவரிடம் சுற்றறிக்கை நீட்டிப் பயனில்லை. வேலை நடக்கும் இடத்தருகே ஒரு கூடாரம், இரண்டு நாற்காலி, குளிர்ந்த தண்ணீர் வைத்துக் கொடுத்தால் அவர் தாமாகவே இறங்கி வருவார். அதற்கு ஆகும் செலவு ஒரு மாத வெற்றோட்டச் செலவைவிடக் குறைவு.

மற்றொரு நம்பிக்கையும் தளங்களில் உலவுகிறது: அடிக்கடி நிறுத்தி இயக்கினால் எண்ணெய் கூடுதலாகச் செலவாகும் என்பது. இன்றைய டீசல் இஞ்சின்களுக்கு இது பொருந்தாது. இயக்குவதற்கு ஆகும் எண்ணெய், சில விநாடி வெற்றோட்டத்திற்கு ஆவதுதான். ஆனால் கடும் வேலை முடிந்தவுடன் நிறுத்தக் கூடாது என்பது உண்மை. டர்போசார்ஜர் ஆற மூன்று முதல் ஐந்து நிமிடம் கொடுக்க வேண்டும். எனவே ஐந்து நிமிடத்திற்கு மேல் காத்திருப்பு இருந்தால் நிறுத்தலாம் என்பது நியாயமான விதி.

லோரியை எண்ணுங்கள்

ஆப்பரேட்டர் ஏன் காத்திருக்கிறார் என்று கேட்டால்தான் உண்மையான இடத்திற்கு வருகிறோம். பெரும்பாலும் லோரி வரவில்லை என்பதே விடையாக இருக்கும்.

வாளியின் கொள்ளளவு 0.9 கன மீட்டர், லோரி கொள்வது ஏறக்குறைய 9 கன மீட்டர் என்றால், பத்து வாளி போட வேண்டும். வெட்டி, திரும்பி, கொட்டி, மீண்டும் வர வாளிக்கு 20 விநாடி. லோரி பின்னோக்கி வந்து நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு லோரிக்கு 4 நிமிடம். அந்த லோரி மண்ணைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து மறுபடி நிரம்புவதற்கு மொத்தம் 28 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 28ஐ 4ஆல் வகுத்தால் 7. ஏழு லோரிகள் இருந்தால் எக்ஸ்கவேட்டரும் நிற்காது, லோரியும் நிற்காது.

இப்போது செலவைக் குறைப்பதாக எண்ணி ஐந்து லோரி மட்டும் விட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு 28 நிமிடத்திலும் எக்ஸ்கவேட்டர் 8 நிமிடம் சும்மா நிற்கும். பத்து மணி நேர வேலையில் அது கிட்டத்தட்ட 2 மணி 50 நிமிடம். அவசரம் என்று ஒன்பது லோரி விட்டாலோ, ஒவ்வொரு லோரியும் ஒவ்வொரு நடையிலும் 8 நிமிடம் வரிசையில் புகைந்துகொண்டு நிற்கும். இந்தச் சிறு வகுத்தல் கணக்கைப் போடுவதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. ஆனாலும் கொட்டும் இடம் மாறி, தூரம் கூடிய பிறகும் முதல் நாள் போட்ட லோரி எண்ணிக்கையிலேயே வாரக்கணக்கில் ஓடும் தளங்கள் பல உள்ளன.

அடுத்தது பாதை. என்னைக் கேட்டால், மண்வேலையில் எண்ணெய் மிச்சம் பிடிக்க விரும்புபவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது டயர் பதிந்த தடத்தைத்தான். கனரக வாகனத் துறையில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. கெட்டியான பாதையில் வண்டியை உருட்டத் தேவைப்படும் விசை, அதன் மொத்த எடையில் நூற்றுக்கு 2 பங்கு. டயர் மண்ணுக்குள் புதையும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் மேலும் 0.6 பங்கு கூடும். 30 டன் எடையுள்ள லோரிக்குக் கெட்டிப் பாதையில் 600 கிலோ விசை போதும். டயர் 5 சென்டிமீட்டர் புதைந்தால் 1,500 கிலோ வேண்டும். சமதளத்தில் ஓடும் லோரி, நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் ஏறும் மேட்டில் ஓயாமல் ஏறிக்கொண்டிருப்பதற்குச் சமம் இது.

நம் நாட்டில் பிற்பகல் மழை பெய்தால் செம்மண் பாதை அரை மணி நேரத்தில் சேறாகிவிடும். மழை நின்றதும் அதே சேற்றில் லோரிகளை விட்டால் தடம் ஆழமாகும்; ஆழமான தடத்தில் தண்ணீர் தேங்கும்; மறுநாள் மேலும் புதையும். பாதையின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி, இரு ஓரமும் வடிகால் வெட்டி, வாரம் சில முறை கிரேடரையும் ரோலரையும் ஓட்டிச் சரிசெய்தால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். கிரேடருக்கும் எண்ணெய் செலவாகுமே என்று மறுப்போர் உண்டு. ஆகும்தான். ஆனால் ஒரு கிரேடர் சில மணி நேரம் குடிப்பதையும், ஏழு லோரிகள் நாள் முழுவதும் கூடுதலாகக் குடிப்பதையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது.

எக்ஸ்கவேட்டர் நிற்கும் இடமும் இப்படித்தான். லோரி நிற்கும் தரையைவிட உயரமான மண்படியில் இயந்திரத்தை நிறுத்தினால், வாளியை வீணாக மேலே தூக்க வேண்டியதில்லை. லோரியை இயந்திரத்தின் பின்னால் நிறுத்தாமல் பக்கவாட்டில் அருகிலேயே நிறுத்தினால், திரும்பும் கோணம் பாதியாகக் குறையும். வாளிக்கு 20 விநாடி என்பது 17 விநாடியானால், மணிக்கு 180 முறை வெட்டிய இயந்திரம் 210 முறைக்கு மேல் வெட்டும். வாளியின் பற்கள் தேய்ந்திருந்தாலும், சங்கிலிப் பட்டை அளவுக்கு மீறி இறுகியிருந்தாலும், காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும் எண்ணெய் கூடும் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. இவை பராமரிப்புக் கையேட்டில் உள்ளவைதாம். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். நாம் பயன்படுத்தும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசல் கலக்கப்படுகிறது. அது சாதாரண டீசலைவிட எளிதாக ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். ஆகவே மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி, உள்ளே ஈரக்காற்றுக்கு இடமில்லாமல் செய்வதும், நீர் பிரிப்பானைத் தினமும் திறந்து வடிப்பதும் நம் தட்பவெப்பத்தில் மிகவும் அவசியம்.

எதை அளப்பது?

பல அலுவலகங்களில் மணிக்கு எத்தனை லிட்டர் என்றுதான் கணக்கெழுதுகிறார்கள். இது ஆபத்தான அளவுகோல். ஓர் இயந்திரம் மணிக்கு 14 லிட்டர் குடித்து 100 கன மீட்டர் அள்ளுகிறது, மற்றொன்று 16.5 லிட்டர் குடித்து 130 கன மீட்டர் அள்ளுகிறது. மணிக் கணக்கில் திட்டு வாங்குபவர் இரண்டாமவர். கன மீட்டருக்குப் பார்த்தால் முதலாவதற்கு 0.14 லிட்டர், இரண்டாவதற்கு 0.127 லிட்டர். 50,000 கன மீட்டர் வேலையில் இரண்டாமவர் 650 லிட்டர் மிச்சப்படுத்துகிறார். அதைவிட வேடிக்கை, வெற்றோட்டம் கூடக்கூட மணிச் சராசரி குறைந்து அழகாகத் தெரியும்! பவர், எக்கோ என்று இயந்திரத்தில் இருக்கும் இயக்க நிலைகளைத் தேர்ந்தெடுப்பதும் இந்த அளவுகோலைக் கொண்டுதான் அமைய வேண்டும். இலகுவான மண், லோரி தட்டுப்பாடு என்றால் எக்கோ நல்லது. கடினமான மண்ணில் எக்கோவை வற்புறுத்தினால் நேரம் நீண்டு, மிச்சம் பிடித்ததெல்லாம் கரைந்துபோகும்.

கோமாட்சு நிறுவனத்தின் கோம்ட்ராக்ஸ், கேட்டர்பில்லரின் விஷன்லிங்க் போன்ற தொலைக்கண்காணிப்பு முறைகள் வேலை நேரத்தையும் வெற்றோட்டத்தையும் தனித்தனியே காட்டிவிடும். கோமாட்சு 2008லேயே, மேற்பகுதி சுழன்று நிற்கும்போது வீணாகும் ஆற்றலைச் சேமித்து மீண்டும் பயன்படுத்தும் ஹைபிரிட் எக்ஸ்கவேட்டரை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. இவையெல்லாம் போற்றத்தக்கவை. ஆனால் நம் சிறு குத்தகையாளரிடம் இருப்பது ஜப்பானிலிருந்து பழையதாக வந்திறங்கிய இயந்திரம். அவருக்கு ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். நாள், ஊற்றிய லிட்டர், மணி மீட்டர், ஏற்றிய லோரி எண்ணிக்கை என நான்கு பத்திகள். இரண்டு வாரம் விடாமல் எழுதினால் எந்த நாள் கெட்டது, ஏன் கெட்டது என்பது தானே தெரியவரும்.

கடைசியாக ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கும்போது எண்ணெயோடு ஒரு விலை, எண்ணெய் இல்லாமல் ஒரு விலை என்று பேசுவார்கள். மணி மீட்டர்ப்படி வாடகை, எண்ணெய் எடுப்பவர் பொறுப்பு என்று முடிவானால், இயந்திரம் சும்மா ஓடுவதில் உரிமையாளருக்கு இலாபமே தவிர நட்டமில்லை. எண்ணெயோடு சேர்த்து விலை பேசினால், லோரியைச் சரியாக அனுப்பாத தலைமைக் குத்தகையாளரின் குறைக்கு உரிமையாளர் எண்ணெய் ஊற்றுகிறார். இரண்டிலும் வீண் செய்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர். கன மீட்டருக்கு விலை பேசி, காத்திருப்பு நேரத்திற்குத் தனிக் கட்டணமும், எண்ணெய் விலை குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறினால் விலையைத் திருத்தும் விதியும் சேர்த்து எழுதுவதே சிறு குத்தகையாளருக்குப் பாதுகாப்பு. ஆப்பரேட்டருக்கு ஊக்கத்தொகை கொடுப்பதானாலும் லிட்டரை மட்டும் பார்த்துக் கொடுக்கக் கூடாது; அவர் மெதுவாக ஓட்டத் தொடங்கிவிடுவார். கன மீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று பார்த்து, லோரி ஓட்டுநர்களையும் கிரேடர் ஓட்டுபவரையும் சேர்த்தே பங்கிட வேண்டும்.