கூட்டத்தை நம்பி வாழும் ஊர்

திருப்பதியில் தாதய்யகுண்ட கங்கம்மாவுக்கு மே மாதம் ஜாத்திரை நடக்கும். சாட்டிம்பு எனும் விழா அறிவிப்பைப் போட்டுவிட்டால், ஜாத்திரை முடியும்வரை உள்ளூர்க்காரர்கள் வெளியூரில் தங்கக்கூடாது. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியபின் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பார்களே, அதே கட்டுப்பாடுதான். கங்கம்மாவும் அம்மை நோயிலிருந்து காப்பவளாக வணங்கப்படுகிறவள். 'முன்னோர் அன்றே தனிமைப்படுத்தலை அறிந்திருந்தார்கள்' என்று சொல்ல யாருக்கும் ஆசை வரும். ஆனால் எல்லையை மூடும் அதே விழா, ஊர் முழுவதையும் ஒரே கோயிலில் கூட்டுகிறது. மூச்சுக்காற்றில் பரவும் கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

கூட்டம்தான் திருப்பதியின் பிழைப்பு. கொரோனாவுக்கு முன் திருமலையில் நாளொன்றுக்கு 60,000 பேருக்கு மேல் தரிசனம் செய்வது வழக்கம். 2020 மார்ச் 20 முதல் பக்தர்களுக்கு அனுமதி நின்றது. பூஜைகள் மட்டும் ஏகாந்தமாக நடந்தன. 80 நாட்கள் கழித்து, ஜூன் 8 அன்று ஊழியர்களையும் உள்ளூர்வாசிகளையும் வைத்து ஒத்திகை பார்த்தார்கள். 11ஆம் தேதி பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. அப்போதும் நாளுக்குச் சுமார் 6,000 பேர்தான்.

ஆனால் ஜூலை நடுவில், கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானத்தின் ஊழியர்களில் சுமார் 140 பேருக்குத் தொற்று உறுதியானது. அர்ச்சகர்கள், லட்டு தயாரிப்பவர்கள், காவலர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். தொற்றின் ஆபத்து, கிருமியுள்ள காற்றை எவ்வளவு நேரம் சுவாசிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பக்தர் சில மணி நேரத்தில் மலையிறங்கிவிடுவார். பணியாளரோ நாள் முழுதும் மூடிய இடத்தில் நிற்கிறார், சக ஊழியர்களோடு சாப்பிடுகிறார், ஒரே அறையில் தூங்குகிறார். வரிசையில் நிற்பவருக்கு வட்டம் போட்டு இடைவெளி காட்டினால் மட்டும் போதாது. முதல் கவசம், முதல் பரிசோதனை, முதல் தடுப்பூசி எல்லாமே ஊழியருக்குச் சேரவேண்டும்.

வருபவர்களுக்கும் தடுப்பூசி வேண்டும் என்ற பாடத்தை மெக்கா வேறொரு நோயிடம் கற்றது. 1987 ஹஜ்ஜின்போது மூளைக்காய்ச்சல் பரவியதும், யாத்ரீகர்களுக்குத் தடுப்பூசியை சவுதி அரசு கட்டாயமாக்கியது. 2000இல் அதே கிருமியின் இன்னொரு வகை தாக்கியது. நோய் யாத்ரீகர்களோடு நிற்கவில்லை. ஊர் திரும்பியவர்களின் வீட்டாருக்கும் வந்தது. அதன்பின் நான்கு வகைக் கிருமிகளுக்கும் சேர்த்த தடுப்பூசி கட்டாயமானது. அங்கே விசா கொடுக்கும்போதே சான்றிதழைக் கேட்டுவிடலாம். திருப்பதிக்கோ பேருந்தேறி வந்துவிடலாம். 2021 செப்டம்பரில் தேவஸ்தானமும் தடுப்பூசிச் சான்றிதழ் அல்லது தொற்றில்லை என்ற பரிசோதனை முடிவைக் கேட்டது. தரிசன டிக்கெட்தான் இங்கே விசா.

லாரிக்கு அந்த டிக்கெட்டும் தேவையில்லை. 2020 மே மாதம் சென்னை கோயம்பேடு சந்தையில் தொற்று வெடித்தபோது, அங்கே சரக்கு கொண்டுபோய்த் திரும்பியவர்கள் வழியாக அது திருப்பதி அப்போது இருந்த சித்தூர் மாவட்டத்துக்கும் வந்தது. சோதனைச்சாவடியில் ஆளை நிறுத்தலாம், தக்காளியை நிறுத்த முடியாது. சித்தூரில் கைகொடுத்தது வீடு வீடாகப் போகும் ஏற்பாடு. ஐம்பது வீடுகளுக்கு ஒருவர் என்று ஆந்திரா 2019இல் நியமித்திருந்த கிராம, வார்டு தன்னார்வலர்களும் ஆஷா பணியாளர்களும் யார் எங்கிருந்து வந்தார், யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டுக் குறித்தார்கள்.

மாநில எல்லை மறுபக்கமும் வெட்டும். 2021 மே 10 இரவு, திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்து, அதிகாரபூர்வக் கணக்குப்படியே 11 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டிய டேங்கர் வந்துசேரத் தாமதமானதுதான் காரணம். நோயும் அதற்கு மருந்தும் ஒரே சாலையில்தான் வருகின்றன என்றால், சென்னையும் திருப்பதியும் தனித்தனித் திட்டம் போடுவதில் பொருளில்லை.

கதவடைப்பு தயாராவதற்கு நேரம் வாங்கித் தரும், அவ்வளவே. தரிசன டிக்கெட்டில் இப்போதே பெயர், தேதி, நேரம் எல்லாம் இருக்கின்றன. ஒருவருக்குத் தொற்று என்றால் அதே நேரத்தில் வரிசையில் இருந்தவர்களைத் தொலைபேசியில் எச்சரிக்கலாம். அழைப்பது சுகாதாரத் துறை என்றதும் பயந்து துண்டிக்காமல் பேசுவார்களா? நோயாளியைக் குற்றவாளியாக நடத்தாத ஊரில் பேசுவார்கள்.