உங்களுக்குத் தெரியுமா? கடல் தாண்டிய கணினிப் பேச்சு

ஹவாய் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் பல தீவுகளில், நடுவே கடல். கணினியைத் தொலைபேசிக் கம்பியில் இணைப்பதோ செலவும் தொல்லையும். 1971-இல் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் வானொலி அலையையே பிடித்தார்கள். பெயர் அலோஹாநெட், வேகம் நொடிக்கு 9,600 பிட்.

வேடிக்கை அதன் விதியில்தான். மையக் கணினிக்கு அனுப்ப எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. ஆனால் முறை கிடையாது! தோன்றியபோது அனுப்பலாம். இரண்டு செய்திகள் மோதினால் ‘கிடைத்தது’ என்ற பதில் வராது. சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். பொறுக்கும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும், இல்லாவிட்டால் திரும்பவும் முட்டிக்கொள்ளும். குழாயடிச் சண்டைதான், ஆனாலும் தண்ணீர் கிடைத்தது! என்ன, அலைவரிசைத் திறனில் அதிகபட்சம் சுமார் 18 சதவீதமே தேறும். கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட் முறையை ராபர்ட் மெட்கால்ஃப் உருவாக்கத் தூண்டுதல் இந்த அலோஹாநெட்டே.