கார் டிக்கியில் ஒரு ஃபிரிட்ஜ்

ஆஸ்திரேலியாவின் நல்லார்பர் சமவெளியில் 146 கிலோமீட்டருக்கு வளைவே இல்லாமல் நீள்கிறது நெடுஞ்சாலை. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அங்கே பால் கெடாமலிருக்க எந்த ஃபிரிட்ஜ் வேண்டும்?

மலிவான தெர்மோஎலெக்ட்ரிக் பெட்டி, வெளிவெப்பத்திலிருந்து ஏறத்தாழ 20 டிகிரிதான் குறைக்கும், பால் திரிந்துவிடும். கம்ப்ரசர் வகைதான் கைகொடுக்கும்.

அடுத்தது மின்சாரம். 12 வோல்ட்டில் 45 வாட் இழுக்கும் கம்ப்ரசர் பாதி நேரம் ஓடினால், நாளுக்கு 45 ஆம்பியர்-மணி தேவை. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம்; ஒரு நாள் ஓடும். அதே அளவு லித்தியம் பேட்டரி இரண்டு நாள் தாங்கும்.

இரவெல்லாம் காரின் சொந்த பேட்டரியிலேயே ஓடவிட்டால், காலையில் வண்டி கிளம்பாமல் போகலாம். தனி பேட்டரி வைப்பதே பாதுகாப்பு. புறப்படுமுன் வீட்டு மின்சாரத்தில் ஃபிரிட்ஜைக் குளிரவைத்து, குளிர்ந்த பொருள்களையே அடுக்கினால் பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும்.