நீல வயரா, ஹெச்.டி.எம்.ஐ.யா?

செகண்ட் ஹேண்ட் மானிட்டரை வாங்கி லேப்டாப்போட கோத்துவிட்டு, 'என்னடா இது, எழுத்தெல்லாம் மசமசன்னு தெரியுதே' என்று நொந்துபோன பார்ட்டியா நீங்க? கண் டாக்டரிடம் டோக்கன் போடும் முன், மானிட்டருக்குப் பின்னாடி ஒரு எட்டு எட்டிப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஸ்குரூ வைத்த நீல மூக்கு வயர் தொங்குதா? வில்லன் அவனாகவும் இருக்கலாம்!

அவன் பேர் வி.ஜி.ஏ. 1987-ல் ஐ.பி.எம். கம்பெனி தன் பி.எஸ்./2 கம்ப்யூட்டரோடு இறக்கிவிட்ட 15 பின் ஆசாமி. சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கும் தனித்தனி கம்பி. நிறம் எவ்வளவு பளிச் என்பதை 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக அனுப்புவான். இதுதான் அனலாக். அந்தக் காலத்து குண்டு மானிட்டருக்கு இது கச்சிதமான ஜோடி. ஏன்னா, பிக்சர் ட்யூபும் அனலாக்தான்.

எல்.சி.டி. வந்ததும்தான் சிக்கல். லேப்டாப்புக்குள்ளே படம் எண்களாக இருக்கு. எல்.சி.டி.க்கும் எண்தான் வேணும். நடுவில் வி.ஜி.ஏ. அதை வோல்ட்டேஜாக மாற்ற, மானிட்டர் மறுபடி எண்ணாக்க... திட்டக்குடியிலிருந்து விருத்தாசலம் போக, பெரம்பலூர் சுற்றிப் போன கதை! 1920 x 1080 திரையை விநாடிக்கு 60 தடவை வரையணும்னா, ஒரு புள்ளியை அளக்கக் கிடைப்பது சுமார் 6.7 நானோ செகண்ட். டைமிங் கொஞ்சம் தப்பினாலும் பக்கத்துப் புள்ளியின் நிறம் இதில் கலந்துடும்.

1999-ல் வந்த டி.வி.ஐ.யும், 2002-ல் முதல் வடிவம் வெளியான ஹெச்.டி.எம்.ஐ.யும் எண்ணை எண்ணாகவே கொண்டுபோய் சேர்க்கும். நோ சுற்றுப்பாதை!

ஊர் பாஷையில் சொன்னால், பழைய கேபிள் டிவி ஞாபகம் இருக்கா? 2006-ல் அரசு கொடுக்க ஆரம்பித்த 14 இன்ச் இலவச கலர் டிவியில், சிக்னல் வீக் ஆனா புள்ளி புள்ளியா கொசு பறக்கும், உருவத்துக்குப் பின்னாடி ஆவி மாதிரி இன்னொரு உருவம் நிக்கும். 2017-ல் அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ் வந்தபிறகு? படம் வந்தால் பளிச், இல்லைன்னா கட்டம் கட்டமா உறைஞ்சுடும். நடுவாந்தரம் கிடையாது. மானிட்டர் வயரும் அதே கதைதான்.

இது தமிழ் படிக்கிறவங்களுக்குக் கூடுதல் தலைவலி. சின்ன எழுத்தில் 'க'வுக்கும் 'க்'குக்கும் வித்தியாசம் தலைக்கு மேல ஒரே ஒரு புள்ளி. 'ன', 'ண' ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரு சுழி. அது கரைஞ்சா நோட்ஸ் படிக்கிற கண் என்னத்துக்கு ஆகும்?

காசைக் கரியாக்காமல் இருக்க சில டிப்ஸ்:

* 'அண்ணே, ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டை இருக்கா?' என்று கடையில் முதலில் கேளுங்க. 'நீலம் மட்டும்தான் தம்பி, அதான் விலை கம்மி' என்றால், பவர் போட்டு சின்ன எழுத்தைப் பார்த்துட்டு அப்புறம் பேரம் பேசுங்க.

* வி.ஜி.ஏ.தான் கதியா? மானிட்டரின் சொந்த ரெசல்யூஷனை செட் பண்ணி, திரை நிறைய எழுத்தைத் திறந்து வைத்து 'ஆட்டோ' பட்டனை அமுக்குங்க. டைமிங்கை மானிட்டரே சரி செய்யும். சின்ன மானிட்டர், குட்டையான நல்ல வயர் என்றால் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

* லேப்டாப்பில் ஹெச்.டி.எம்.ஐ., மானிட்டரில் நீலம் மட்டும் என்றால் கன்வெர்ட்டர் வேணும். படம் வரும், ஆனா கடைசியில் போவது அனலாக்தான். டிஜிட்டல் பளிச்சை எதிர்பார்க்காதீங்க.

* தங்க முலாம் பூசிய காஸ்ட்லி ஹெச்.டி.எம்.ஐ. வயர்? ரெண்டு மீட்டர் தூரத்துக்கு வேலை செய்யும் சாதா வயரும் அதே படத்தைத்தான் காட்டும். எண் போய்ச் சேர்ந்தால் சேர்ந்ததுதான்!

* செமினார் ஹால் புரொஜெக்டருக்கு நீளமான வி.ஜி.ஏ. வயர் என்றால் மெல்லிய கோடு, குட்டி எழுத்து ஸ்லைடில் வேண்டாம். உங்க சர்க்யூட் டயக்ராம் நிழலாட்டம் ஆடிடும், மார்க்கும் கூடவே ஆடும்.

2015-க்குள் வி.ஜி.ஏ.வுக்கு டாட்டா என்று இன்டெல், ஏ.எம்.டி. உள்ளிட்ட கம்பெனிகள் 2010 டிசம்பரில் அறிவித்தன. புது லேப்டாப்களில் அவன் அபூர்வம். ஆனா பழைய புரொஜெக்டர்லயும் செகண்ட் ஹேண்ட் மானிட்டர்லயும் கெத்தா உட்கார்ந்திருக்கான். அதனால மானிட்டரை மாத்தணும்னு வீட்டில் அப்பாகிட்ட பிட்டு போடும் முன், வயரை மாத்திப் பாருங்க பாஸ்!