என் தம்பி சர்வர் பார்க்கிறான்!

என் தம்பிக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் ஆன பிறகு, ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பாட்டி, "பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டார். தம்பி வெகு பவ்யமாக, "மெட்ராஸ்ல ஒரு கம்பெனியில சர்வர் பார்த்துக்கறேன், பாட்டி" என்றான்.

பாட்டியின் முகம் விழுந்துவிட்டது. "எந்த ஓட்டல்ல?" என்றாரே பார்க்கலாம்!

உள்ளே இருந்து 'களுக்'கென்று ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்படிச் சிரித்தவள்தான் இன்று என் தம்பியின் மனைவி. கதை அதோடு முடியவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று எங்கள் குடும்பத்தில் பாதிப் பேருக்கு இன்னும் புரியவில்லை. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய எனக்கே, அவன் அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லித்தான் கொஞ்சம் விளங்கிற்று.

சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று அந்த உத்தியோகத்துக்குப் பெயர். கம்பெனியின் கணக்கு, கடிதம், சம்பளப் பட்டியல் எல்லாவற்றையும் வைத்திருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயராம். கேட்பவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பதால் அந்தப் பெயர். ஆக, பாட்டி கேட்டதும் ஒன்றும் தப்பில்லை! அந்த சர்வர்கள் ராத்திரி பகல் நிற்காமல் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்வதுதான் இவன் வேலை.

"ஒழுங்கா ஓடற வரைக்கும் நான் ஒருத்தன் இருக்கறதே யாருக்கும் தெரியாதுக்கா. அஞ்சு நிமிஷம் நின்னா போதும், எம்.டி. முதற்கொண்டு போன் பண்ணுவாங்க" என்றான் ஒருநாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கா இங்கிலீஷ்ல இவ்வளவு நீளப் பேரு? நான் இருபத்து மூணு வருஷமா இதைத்தானே பண்ணிட்டிருக்கேன்!" என்றேன். காலையில் காபி வரும் வரை யாரும் நம்மை நினைப்பதில்லை. பால் திரிந்து போன அன்றைக்குத்தான் வீட்டில் நாம் ஒருத்தி இருப்பது தெரிகிறது. இல்லையா, சகோதரிகளே?

ஒரே கடை மாவு

பண்டிகைக்கு வந்தால், பேப்பரில் வரும் கம்ப்யூட்டர் செய்திகளுக்கெல்லாம் தம்பியிடம் ஓர் அபிப்பிராயம் இருக்கும். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. உலகம் முழுக்க ஏராளமான கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டிக்கொண்டு நின்று போயின. விமானங்கள் ரத்தாயின. நம் ஊர் விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். 'வெளிநாட்டுச் சதி' என்று எங்கள் மாதர் சங்க வாட்ஸ்அப் குழுவில் செய்தி பறந்தது.

தம்பி சிரித்தான். "சதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கிரவுட்ஸ்டிரைக்னு ஒரு கம்பெனி. கம்ப்யூட்டரைத் திருடங்ககிட்டேயிருந்து காக்கற புரோகிராம் விக்கறாங்க. அவங்க அனுப்பின ஒரு அப்டேட்ல தப்பு இருந்துச்சு. அவ்வளவுதான்."

அந்த ஒரு தப்பில் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. அது உலகத்திலுள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லையாம். அந்த ஒன்றுக்கே இத்தனை அமர்க்களம்!

"தெரு பூரா ஒரே கடையில தோசை மாவு வாங்கினா, அந்த மாவு புளிச்ச அன்னிக்குத் தெருவே பட்டினிதானேக்கா?" என்றான். அவன் ஆபீசில் அந்தப் புரோகிராம் கிடையாது. ஆனாலும் "நமக்கும் வந்துடுமா?" என்று கேட்டு ராத்திரி பூராவும் போன்.

"அப்படின்னா அப்டேட்டே போடாம இருந்துடலாமே?" என்று என் கணவர் குறுக்கே புகுந்தார்.

"அதுவும் கூடாது மாமா. 2017 மே மாசம் வான்னாக்ரைன்னு ஒரு வைரஸ் வந்துச்சு. இங்கிலாந்துல ஆஸ்பத்திரிகளே திண்டாடிப் போச்சு. அதுக்கு மருந்து மார்ச் மாசமே வந்தாச்சு. போட்டுக்காதவங்கதான் மாட்டினாங்க. போட்டுக்கணும். ஆனா எல்லாத்துலேயும் ஒரே நாள்ல போடக்கூடாது. பத்து மெஷின்ல போட்டுப் பார்த்துட்டு மத்ததுல போடணும்."

முதல் தோசையை வார்த்து, வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தானே விருந்தாளிக்கு வார்க்கிறோம்? அதேதான்!

அரை வினாடி

அவன் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. 2024 மார்ச்சில், ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினீயர் ஏதோ வேலையாக இருந்தபோது, கம்ப்யூட்டருக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிடச் சுமார் அரை வினாடி கூடுதலாகிறதே என்று கவனித்தார். நாமாக இருந்தால் விட்டுவிடுவோம். அவர் விடவில்லை. தோண்டிக்கொண்டே போனார். எக்ஸ்-இஸட் என்ற சின்னப் புரோகிராமுக்குள் யாரோ கள்ள வாசல் வைத்திருந்தது வெளிப்பட்டது. அது அப்படியே பரவியிருந்தால், உலகத்திலுள்ள எத்தனையோ சர்வர்களுக்குள் திருடன் தாராளமாய்ப் போய் வந்திருப்பான்.

அந்தப் புரோகிராமைப் பல வருஷமாகச் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தவர் ஒரே ஒருவர். உடம்பும் மனசும் சோர்ந்திருந்த அவருக்கு, 'நான் கூடமாட ஒத்தாசை பண்ணுகிறேன்' என்று ஒரு புனைபெயர்க்காரன் வந்து சேர்ந்தான். இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக நடந்து, நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்டு, பிறகுதான் கைவரிசையைக் காட்டினான்.

"எல்லாரும் அந்தத் திருடனைப் பத்திப் பேசறாங்க. அந்தச் சோர்ந்து போன மனுஷனுக்கு நல்லவங்க யாராவது முன்னாடியே கை கொடுத்திருந்தா, திருடனுக்கு அங்கே என்ன வேலை?" என்றான் தம்பி. கூட்டுக் குடும்பத்தில் ஒற்றை ஆளாக வேலை செய்யும் மருமகள்களுக்கு இது உடனே புரியும்.

பாஸ்வேர்டு படுத்தும் பாடு

என் பாங்க் பாஸ்வேர்டு எனக்கே வாயில் நுழையாது. ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு நட்சத்திரம்! காலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துத் தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

அமெரிக்க அரசாங்க நிறுவனம் ஒன்றில் பில் பர் என்பவர் 2003-ல் இந்த விதிகளை எழுதினாராம். ரிடையரான பிறகு 2017-ல், அவற்றில் பலவற்றுக்காக இப்போது வருத்தப்படுவதாக அவரே சொல்லிவிட்டார். அடிக்கடி மாற்றச் சொன்னால், ஜனங்கள் கடைசி எண்ணை மட்டும்தானே மாற்றுகிறார்கள்? நீளமாக இருப்பதுதான் முக்கியம் என்கிறான் தம்பி. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து வார்த்தைகளைக் கோத்துவிட்டால் நமக்கு ஞாபகம் இருக்கும், திருடனுக்குச் சிரமம். பிள்ளைகள் பெயரும் பிறந்த வருஷமும் வேண்டவே வேண்டாம்.

கோபம் வந்த இடம்

எதையும் வேடிக்கையாகப் பேசுகிறவன் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கோபப்படுவான். வந்த செய்தியை வந்த வேகத்தில் நாலு பேருக்கு அனுப்புவது.

"பிள்ளை பிடிக்கிறவங்க சுத்தறாங்க, ஜாக்கிரதைன்னு நீ கூட அனுப்பினே, ஞாபகம் இருக்கா?" என்றான். இருக்கிறது. 2018-ம் வருஷம். என் பெண் அப்போது சின்னக் குழந்தை. தாய் மனசு, பதறி அனுப்பினேன். அதே மே மாதம்தான், திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயது அம்மா ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்து ஊரார் கூடி அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது நான் அனுப்பிய செய்தி இல்லைதான். ஆனால் அதே மாதிரிச் செய்தி. அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அந்த ஜூலையில்தான், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. "கம்பெனி போட்ட பூட்டு அஞ்சு பேரோட நிக்கும். நீ போட்டா ஒருத்தரோடயே நிக்கும்" என்றான் தம்பி.

இப்போது குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், மருந்தளவைக்கூட ஏ.ஐ.யிடம் கேட்கிறார்கள் இளம் தாய்மார்கள். "அது சரியாச் சொன்னாலும் தப்பாச் சொன்னாலும் ஒரே தைரியத்தோடதான் சொல்லும். குழந்தை மருந்துக்கு டாக்டர்தான்" என்கிறான்.

அம்மாவின் குரல்

இவ்வளவு கேட்டும் ஒரு விஷயத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "போன்ல இருக்கறதை இன்னோர் இடத்துலேயும் காப்பி எடுத்து வை" என்று நூறு தடவை சொல்லியிருப்பான். "ஆகட்டும்டா" என்பேன்.

எங்கள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்து சரியாகத் தெரியவில்லை. அதனால் எது சொல்வதானாலும் வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்புவாள். மிளகுக் குழம்புப் பக்குவம், பேத்திக்குச் சளி என்றால் கஷாயம், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் குரலாகவே வரும். 2022-ல் அம்மா போன பிறகு, வேலையெல்லாம் முடித்துப் படுக்கும்போது தினம் ஒன்றாகப் போட்டுக் கேட்பேன்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் மாடியில் துணி எடுக்கப் போன இடத்தில், போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. அரிசி மூட்டைக்குள் வைத்துப் பார்த்தேன், வெயிலில் வைத்துப் பார்த்தேன். ரிப்பேர் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

தம்பி சென்னையிலிருந்து வந்து, ராத்திரி முழுக்க அதோடு மல்லுக்கட்டினான். விடியற்காலையில் நான் காபி கொண்டு போனபோது கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன்.

"உன்னைத் திட்ட எனக்கு வாயில்லக்கா. ஊரான் கம்பெனிக்கெல்லாம் தினமும் காப்பி எடுக்கறேன். அம்மா குரலுக்கு எடுக்கணும்னு எனக்குத் தோணலையே" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அம்மா அவனிடம் எப்போதும் போனில்தான் பேசுவாள். அவனிடம் ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை.

ஒரு வாரம் கழித்துக் கரூர்ச் சித்தியிடம் இதைச் சொல்லி அழுதபோது, "அடி அசடே, அக்கா சொன்ன பக்குவமெல்லாம் எனக்கு அனுப்புவியே, அது அப்படியேதான் இருக்கு" என்றாள்! பதினொன்று இருந்தன. பத்து சமையல். பதினொன்றாவதில் குக்கர் விசில் அடிக்கிறது, பிறகு அம்மா, "இதை எப்படி நிறுத்தறதுன்னு தெரியலையே" என்கிறாள். அவ்வளவுதான். தம்பி அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறான்.

"ஃபார்வர்டு பண்ணாதேன்னு கத்துவியே, பார்த்தியா?" என்று நான் சீண்டினேன். "இது ஃபார்வர்டு இல்லக்கா, பேக்கப்" என்றான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

நாம் செய்ய வேண்டியது

குழந்தைகளின் படங்கள், பெரியவர்களின் குரல், வீட்டுப் பத்திரங்கள் ஆகியவற்றுக்குத் தம்பி சொல்லும் கணக்கு இதுதான். மூன்று பிரதி இருக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு விதமான இடத்தில் இருக்க வேண்டும். உதாரணமாக, ஒன்று போனில், ஒன்று பென்டிரைவில். ஒரு பிரதியாவது வேறு வீட்டில் இருக்க வேண்டும். ஆவக்காய் போட்டால் நாத்தனார் வீட்டுக்கு ஒரு ஜாடி அனுப்புகிறோமே, அந்த மாதிரி!

அதோடு விடக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதி திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்தே பார்க்காத ஜாடியில் ஊறுகாய் இருக்கிறதா, பூசணம் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்?

போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டிப் பணம் கேட்டால், இணைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டாரிடம் சொல்லுங்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்களுக்கு நன்றி சொல்வதற்கென்றே ஒரு நாள் இருக்கிறதாம். 2000-ம் வருஷம் சிகாகோவைச் சேர்ந்த டெட் கெகாடோஸ் என்பவர் ஆரம்பித்தார். ஜூலை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை அது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், எந்த வருஷமானாலும் அது நமக்கு ஆடி வெள்ளியாகத்தான் வரும்! அன்றைக்கு எப்படியும் வீட்டில் பாயசம் உண்டு. தம்பி சென்னையில் இருப்பதால் அவன் பங்கை நானே சாப்பிட்டுவிட்டு, போன் செய்து சொல்கிறேன். "நல்லா இருக்கா?" என்பான். "உன் சர்வர் ஓடுதா?" என்பேன். "ஓடுது" என்பான். யாரும் கேட்காத அந்தக் கேள்வியை ஒருத்தியாவது கேட்கிறாளே என்று அவனுக்கு ஒரு சந்தோஷம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த ஆடி வெள்ளிக்கு ஒரு வார்த்தை கேட்டு வையுங்களேன்!