புத்தளக் கரையில் இறங்கியவர்களும் எழுதப்படாத நினைவேடுகளும்

ஓய்வு பெற்ற பின்னர் நினைவுகளை எழுதுவது அரசியல்வாதிகளுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் மாத்திரமே உரிய வேலை என்ற எண்ணம் எம்மவரிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. பயணங்களை எழுதுவதென்றால் ஐரோப்பாவுக்கோ புனித மக்காவுக்கோ சென்று வந்திருக்க வேண்டும் என்றும் பலர் கருதுகின்றனர். ஆனால் புத்தளக் கரையோரத்தின் வரலாறு இவ்விரு எண்ணங்களையும் பொய்யாக்குகின்றது.

1344 ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட கப்பலொன்று காற்றினால் திசைமாறி இக்கரையை அடைந்தது. அதில் வந்தவர் மொரோக்கோவின் தஞ்சா நகரில் 1304 இல் பிறந்த இப்னு பதூதா. அவர் 'பத்தாலா' எனக் குறிப்பிடும் துறை இன்றைய புத்தளமே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவாகும். கரையை ஆண்ட மன்னனுக்கு அஞ்சிக் கப்பலைத் துறைக்குள் கொண்டு செல்ல மாலுமிகள் தயங்கினர். தன்னை மட்டும் இறக்கிவிடுமாறும், மன்னனிடம் பாதுகாப்பு உறுதி பெற்றுத் தருவதாகவும் கூறி அவர் இறங்கினார். மதுரையை அப்போது ஆண்ட சுல்தானின் மைத்துனர் தாம் என்று அறிமுகப்படுத்திக் கொண்டார். அந்த உறவு உண்மையானதே. எனினும் அவ்வேளையில் அது எவ்வளவு பயன்பட்டது என்பதை அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

மன்னன் யாழ்ப்பாண இராச்சியத்தின் ஆரியச் சக்கரவர்த்தி. பாரசீக மொழி விளங்கியவன். மூன்று நாட்கள் விருந்தினரை இருத்தி, நாடுகளையும் அரசர்களையும் பற்றிய கதைகளைக் கேட்டு மகிழ்ந்தான். முத்துக்களைக் காட்டி, வேண்டியதைத் தயங்காமல் கேள் என்றபோது, ஆதம் நபியின் பாதம் பதிந்ததாகக் கருதப்படும் மலையைத் தரிசிப்பதே தன் ஒரே விருப்பம் என்றார் பயணி. தமிழர் சிவனொளிபாத மலை என்றும் முஸ்லிம்கள் பாவாத மலை என்றும் அழைக்கும் அதே மலை. பல்லக்கையும் அதைச் சுமப்போரையும் கொடுத்து, நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், பத்துப் பரிவாரத்தினர், உணவு சுமக்கும் பதினைந்து பேர் என ஒரு கூட்டத்தையே மன்னன் துணைக்கு அனுப்பி வைத்தான். ஒரு முஸ்லிம் பயணியை, ஒரு தமிழ் மன்னனின் கட்டளைப்படி, யோகிகளும் பிராமணர்களும் மலைக்கு அழைத்துச் சென்றனர். இதைக் கற்பனைக் கதையாக இன்று யாராவது எழுதினால், இன ஐக்கியப் பிரசாரம் என்று நாமே ஒதுக்கிவிடுவோம்! அவர் சிலாபம் வழியாகச் சென்று, மலையேறி, தெவிநுவர, காலி, கொழும்பு எனச் சுற்றி மீண்டும் புத்தளம் வந்தபோது, கப்பல் தலைவர் அவருக்காகக் காத்திருந்தார்.

இவையெல்லாம் நமக்கு எப்படிக் கிடைத்தன என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. இப்னு பதூதா அவற்றை அன்று எழுதிவைத்து நூலாக்கவில்லை. ஏறத்தாழ 29 ஆண்டு கால அலைச்சல் முடிந்து ஊர் திரும்பிய பின்னர், மொரோக்கோ சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி, பாஸ் நகரில் அமர்ந்து வாய்மொழியாகச் சொன்னார். கிரனாடாவைச் சேர்ந்த இப்னு ஜுஸை என்ற இளம் எழுத்தாளர் அதை எழுதினார். 1355 டிசெம்பரில் சொல்லி முடிந்தது. புத்தளத்தில் கால் வைத்து அப்போது 11 ஆண்டுகள் கழிந்திருந்தன. கையில் குறிப்புகளும் அதிகம் இல்லை. புகாரா நகரில் பெரியார்களின் கல்லறை வாசகங்களைப் பிரதி செய்து வைத்திருந்ததாகவும், இந்தியக் கடலில் கொள்ளையர் கையில் அகப்பட்டபோது அவையும் போய்விட்டன என்றும் அவரே கூறுகிறார்.

ஆகவே நூலில் பிழைகள் உண்டு. நாட்கள் குழம்புகின்றன. மக்கா, திமிஷ்கு பற்றிய பல பகுதிகளை, முந்திய நூற்றாண்டுகளின் பயணியான இப்னு ஜுபைரிடமிருந்து எழுத்தாளர் எடுத்துச் சேர்த்துள்ளார். அப்படியிருந்தும், பதினான்காம் நூற்றாண்டுப் புத்தளத்தின் மர மதிலையும் மரக் கோபுரங்களையும், கரையில் ஒதுங்கிக் கிடந்த கறுவா மரக் கட்டைகளையும் நமக்குக் காட்டுவதற்கு வேறு கண்கள் இல்லை. பிழை விடுவோம் என்று அஞ்சி அவர் பேசாதிருந்தால் நமக்கு மிஞ்சியிருக்கக் கூடியது வெறும் மௌனமே.

அவர் சொன்னதை ஊரார் நம்பவுமில்லை. இதைப் பற்றி இப்னு கல்தூன் தமது வரலாற்று நூலில் ஒரு செய்தி சொல்கிறார். தாமும் ஐயுற்று அமைச்சர் ஒருவரிடம் பேசியபோது, அவர் ஒரு கதை சொன்னாராம். தந்தையுடன் சிறையிலேயே வளர்ந்த சிறுவன் ஒருவன், தான் உண்ணும் இறைச்சி எந்தப் பிராணியுடையது என்று கேட்டான். தந்தை ஆட்டை எவ்வளவு விபரித்தும், அது எலியைப் போன்றதா என்றே கேட்டானாம். சிறையில் அவன் கண்ட பிராணி எலி ஒன்றுதான்.

இக்கதை இன்று புத்தளம் மாவட்டத்திற்கு மிகவும் பொருந்தும். 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும், எழுபதாயிரத்துக்கும் அதிகமானோரை, வெளியேற்றினர். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவிலிருந்து பெருந்தொகையானோர் படகுகளில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். அன்று முப்பது வயதிலிருந்த ஆசிரியர், எழுதுவினைஞர், தபால் ஊழியர் எவரும் இன்று ஓய்வூதியரே. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் பிறந்த அவர்களது பேரப்பிள்ளைகள், எருக்கலம்பிட்டியின் ஒழுங்கைகளையோ யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவின் கடை வரிசையையோ, தாம் கண்ட அகதிக் குடியிருப்பைக் கொண்டே கற்பனை செய்ய வேண்டியுள்ளது.

ஆய்வுகள் இல்லாமல் இல்லை. எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ், 2018 இல் காலமாகும் வரை, இம்மக்களின் இழப்புகளைக் கணக்கெடுத்து எழுதி வந்தார். ஆனால் கணக்கு வேறு, நினைவேடு வேறு. எத்தனை வீடுகள் இழக்கப்பட்டன என்பதை ஆய்வாளர் சொல்வார். பூட்டிய வீட்டின் சாவியைப் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்மணியிடம் கொடுத்தோமா, கையோடு கொண்டு வந்தோமா என்பதைக் கொடுத்தவரோ கொண்டு வந்தவரோதான் சொல்ல முடியும்.

இதில் சங்கடமான பகுதிகளும் உண்டு. அன்று அழுத அயலவர்களும் இருந்தனர், வாய் திறக்காத அயலவர்களும் இருந்தனர். இருதரப்பையும் எழுத வேண்டும். தமது பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோட்டங்களையும் திறந்துவிட்ட புத்தளம் மக்களின் பெருந்தன்மையையும், பின்னர் காணிக்கும் பாடசாலை அனுமதிக்கும் தொழிலுக்கும் எழுந்த மனக்கசப்பையும் சேர்த்தே எழுத வேண்டும். புத்தளத்துக்காரர் தமது பக்கத்தை எழுதுவதும், யாழ்ப்பாணத்தில் அன்று பார்த்துக்கொண்டிருந்த தமிழர் தாம் பார்த்ததை எழுதுவதும் இதே அளவுக்கு அவசியமாகும். ஒரு சாரார் மட்டும் எழுதினால் அது முறைப்பாட்டுக் கடிதம் போலாகிவிடும்.

எழுத வராது என்பது காரணமாகாது. இப்னு பதூதாவும் சொல்லத்தான் செய்தார். பேரனோ பழைய மாணவியோ ஒருவர் இப்னு ஜுஸையாக அமர்ந்தால் போதும். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து பின்னர் எழுத்தாக்கலாம். எழுதுபவர் தமது அலங்காரங்களைச் சேர்க்காதிருப்பது நல்லது. முதலில் படகை எழுதலாம்: யாருடைய படகு, எத்தனை பேர், என்ன கூலி, கற்பிட்டியில் முதல் இரவு எங்கே படுத்தோம். திகதி நினைவில்லாவிட்டால், நினைவில்லை என்றே எழுதலாம்.

எழுதிய பின் ஒரு பிரதியை வீட்டிலும் ஒன்றைப் பாடசாலை நூலகத்திலும் வைக்கலாம். இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் ஆவணங்களை 2005 முதல் இணையத்தில் சேகரித்துவரும் நூலகம் நிறுவனத்திற்கு ஒன்றைக் கொடுக்கலாம். புகாராவில் பிரதி செய்யப்பட்டவை கடலோடு போனதற்குக் காரணம், வேறொரு பிரதி எங்கும் இல்லாததே.