விட்டிலின் கண்ணும் அகச்சிவப்பு ஒளியிழையும்

ஒளியைச் சுமந்து செல்வது ஒளியிழையின் தொழில். ஆயினும் அவ்விழையின் வாயிலிலேயே ஒளியின் ஒரு பகுதி திருப்பியனுப்பப்படுகிறது. காற்றின் ஒளிவிலகல் எண்ணும் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணும் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, அதற்கேற்ப இவ்வெதிரொளிப்பு மிகும்.

தொலைத்தொடர்பில் பயன்படும் சிலிக்கா இழையின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.45. எனவே ஒரு முனையில் நேரும் இழப்பு 3.5 விழுக்காட்டைத் தாண்டாது. ஆனால் 3.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் மீத்தேனையும், 4.3 மைக்ரோமீட்டரில் கரியமில வாயுவையும் இனங்காட்டும் அகச்சிவப்புக் கதிர்களைச் சிலிக்கா உறிஞ்சிவிடும். அவற்றைச் செலுத்த ஆர்சனிக் சல்பைடு கண்ணாடி இழை உதவுகிறது. அதன் ஒளிவிலகல் எண்ணோ 2.4. முனைக்கு 17 விழுக்காடு வீதம், இரு முனைகளிலுமாகப் பத்தில் மூன்று பங்கு ஒளி வீணாகிறது. மேற்பூச்சு பூசி இதனைத் தடுக்கலாம். எனினும் வெப்பத்தால் பூச்சும் கண்ணாடியும் வெவ்வேறு அளவில் விரிவதால் பூச்சு உரிந்துவிடக்கூடும்.

இதற்கு வழிகாட்டியது, விளக்கில் வீழ்ந்து மடியும் விட்டிலே. 1962ஆம் ஆண்டில் பெர்ன்ஹார்டு, மில்லர் என்னும் அறிஞர்கள், இரவில் பறக்கும் பூச்சிகளின் கண்பரப்பில் நுண்ணிய கூம்பு வடிவப் புடைப்புகள் நெருங்கி நிற்பதை விளக்கினர்.

இவை செயற்படும் முறையை உணர, லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலையை எண்ணிப் பார்க்கலாம். நேரே ஏறவியலாத மலையில், வளைவுகள் ஏற்றத்தைச் சிறிது சிறிதாகப் பகிர்ந்தளிப்பதால் சுமையேற்றிய வண்டியும் மேலேறுகிறது. அதுபோன்றே, கூம்பின் நுனியில் காற்று மிகுதி. அடியில் கண்ணாடி மிகுதி. ஒளிவிலகல் எண் 1இலிருந்து 2.4க்குப் படிப்படியாக உயர்வதால், திடீரென மோதித் திரும்பும் நிலை ஒளிக்கு நேர்வதில்லை. படிப்படியான மாற்றம் எதிரொளிப்பைக் குறைக்கும் என்பதை ராலே பிரபு 1880இலேயே கணக்கிட்டுக் காட்டியுள்ளார்.

கூம்புகளை வடிவமைப்போர் இரண்டினைக் கருத வேண்டும். கூம்புகளின் இடைவெளி, கண்ணாடிக்குள் ஒளி கொள்ளும் அலைநீளத்தினும் குறைந்திருத்தல் வேண்டும். இன்றேல் ஒளி சிதறும். 4 மைக்ரோமீட்டர் ஒளிக்கு அவ்வெல்லை ஏறத்தாழ 1.7 மைக்ரோமீட்டர். உயரமும் போதிய அளவு வேண்டும். குட்டையான கூம்பில் மாற்றம் படிப்படியாக நிகழாது.

2010இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் சங்கேரா குழுவினர், ஆர்சனிக் சல்பைடு இழைமுனையை வெப்பத்தால் இளக்கி அச்சில் அழுத்தி, இத்தகைய வடிவங்களைப் பதித்து எதிரொளிப்பைக் குறைத்தனர். புடைப்புகள் கண்ணாடியாலேயே ஆனவை. ஆதலின் உரிவதற்குப் பூச்சென்று ஒன்றில்லை. புறத்தே ஒன்றைச் சேர்க்காமல், உள்ளதன் வடிவை மாற்றியே குறை தீர்த்த இந்நெறி மாணாக்கர் சிந்தனைக்குரியது.